பாரிஸில் கிளாஸ், டான்யூப் கரையில் கோடை லீவு! - ஓவியர் அம்ரிதா ஷெர்கில்லின் கதை

ஃபைன் ஆர்ட்ஸ் படிக்கிற நண்பர்கள் யாராவது உங்களுக்கு இருக்கிறார்களா? ஜூன், ஜூலை வந்தால் அவர்களில் சிலரின் இன்ஸ்டா ஸ்டோரியில் திடீரென்று ஐரோப்பிய மலை, பழைய கல் வீடு, ஜன்னலோரம் ஒரு ஈசல் ஸ்டாண்டு என்று போட்டோக்கள் வரும். கேட்டால் 'ரெசிடென்ஸி' என்பார்கள். வெளிநாட்டில் ஏதோ ஒரு கிராமத்தில் மூன்று நான்கு வாரம் தங்கி, வேறு வேலை எதுவும் இல்லாமல் வரைந்துகொண்டே இருப்பது. திரும்பி வந்தவர்களில் பலர், காலேஜில் நான்கு வருஷம் கற்றதைவிட அங்கே கற்றது அதிகம் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கொஞ்சம் ஓவராகத்தான் தெரியும்.

ஆனால், இந்திய நவீன ஓவியத்தின் பெரிய பெயர்களில் ஒருவரின் வாழ்க்கையைப் பார்த்தால் அதை முழுசாகத் தள்ளிவிட முடியவில்லை. அவர் அம்ரிதா ஷெர்கில். 28 வயதில் இறந்துபோனவர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பாரிஸைப் பற்றி எழுதுவார்கள். அந்த பாரிஸ் காலேஜ் லீவு விட்டதும் அவர் எங்கே போனார் என்பதைப் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நாம் அங்கே கொஞ்சம் நிதானமாகப் போய் வருவோம்.

இரண்டு ஊர்க்காரப் பெண்

1913 ஜனவரி 30 அன்று புடாபெஸ்ட் நகரில் பிறந்தார் அம்ரிதா. அப்பா உம்ராவ் சிங் ஷெர்கில், பஞ்சாபின் மஜீட்டியா பிரபுக் குடும்பத்துச் சீக்கியர். சமஸ்கிருதமும் பாரசீகமும் படித்தவர், போட்டோ எடுப்பதில் பைத்தியம். அம்மா மேரி அந்துவானெத், ஹங்கேரிக்காரர், ஆபரா பாடகி. அடுத்த வருஷமே தங்கை இந்திரா பிறந்தாள், முதல் உலகப் போரும் வந்துவிட்டது. குடும்பம் ஹங்கேரியிலேயே மாட்டிக்கொண்டது. அம்ரிதாவின் முதல் எட்டு வருஷம் அங்கேதான். அதனால் ஹங்கேரிய மொழி அவருக்குச் சின்ன வயசிலேயே பழகிய மொழி. இது பின்னால் முக்கியமாகிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1921-ல் இந்தியா. சிம்லாவில் வீடு. அந்தப் பகுதியின் பெயரே சம்மர் ஹில்! பெண்ணுக்கு வரைய வருகிறது என்று தெரிந்ததும் அம்மா 1924-ல் இத்தாலிக்கு அழைத்துப்போய், ஃப்ளோரன்ஸில் ஒரு கண்டிப்பான பள்ளியில் சேர்த்தார். உலகத்திலேயே அதிக ஓவியங்கள் இருக்கிற ஊர்களில் ஒன்று அது. 11 வயசு அம்ரிதாவுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சில மாதங்களில் திரும்பி வந்துவிட்டார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால் கலை தானாக வந்துவிடும் என்று நினைக்கிற பெற்றோர் அப்போதே இருந்திருக்கிறார்கள்.

அம்ரிதாவுக்கு உண்மையிலேயே வழிகாட்டியது தாய்மாமா எர்வின் பக்தாய். 1920-களின் பிற்பாதியில் சிம்லா வந்து தங்கிய இவர், இந்தியவியல் அறிஞர். அதற்கு முன்னால் ஓவியம் படித்தவர். மருமகளின் படங்களைப் பார்த்துவிட்டு, மனசில் தோன்றுவதை வரைவதை நிறுத்து, கண்ணுக்கு முன்னால் ஒரு ஆளை உட்கார வைத்து வரை என்றார். அம்ரிதா வீட்டு வேலைக்காரர்களை உட்கார வைத்து வரைய ஆரம்பித்தார். பாரிஸுக்கு அனுப்புங்கள் என்று குடும்பத்திடம் எடுத்துச் சொன்னவரும் இந்த மாமாதான்.

மாமாவின் குரு யார் தெரியுமா? ஷிமோன் ஹொல்லோஷி. ஜெர்மனியின் மியூனிக் நகரில் தனியாக ஓவியப் பள்ளி நடத்திய ஹங்கேரியர். 1896 கோடையில் தன் மாணவர் பட்டாளத்தையே ரயிலேற்றி, நாஜ்பான்யா என்ற மலையடிவாரச் சுரங்க ஊருக்குக் கூட்டிப்போனார். ஸ்டுடியோ வேண்டாம், வெயிலில் நின்று வரையுங்கள் என்றார். ஹங்கேரிய நவீன ஓவியத்தின் ஆரம்பம் என்று அந்தக் கோடையைத்தான் சொல்வார்கள். முதல் உலகப் போருக்குப் பிறகு எல்லைகளை மாற்றி வரைந்ததில் அந்த ஊர் ருமேனியாவுக்குப் போய்விட்டது. பையா மாரே என்பது அதன் இன்றைய பெயர். ஊர் போனாலும் பழக்கம் போகவில்லை. கோடை வந்தால் கிராமத்துக்குப் போய் வரைவது ஹங்கேரிய ஓவியர்களின் ரத்தத்தில் ஊறிவிட்டது.

பாரிஸ் கொடுத்தது

1929-ல் குடும்பத்தோடு பாரிஸ் போனபோது அம்ரிதாவுக்கு 16 வயது. முதலில் க்ராந்த் ஷோமியேர் அகாடமி. அடுத்து, எகோல் தே போஸார். ஓவியம் படிக்கிறவர்களுக்கு அன்றைக்கு அது நம்ம ஐஐடி மாதிரி. பெண்களுக்கு அதன் கதவு திறந்ததே 1897-ல்தான். அங்கே லூசியன் சிமோன் என்பவரின் வகுப்பில் சேர்ந்தார்.

பாரிஸ் வாழ்க்கை வேற லெவல். ஃபிரெஞ்சு, ஃப்ரெண்ட்ஸ், கஃபே, இரவு நேர அரட்டை. கூடப் படித்த போரிஸ் தஸ்லிட்ஸ்கியைக் காதலித்தார், அவரையே உட்கார வைத்தும் வரைந்தார். (இந்த போரிஸ் பின்னாளில் நாஜிகளின் புகன்வால்ட் முகாமில் அடைபட்டு, கிடைத்த காகிதத்தில் எல்லாம் கைதிகளை ரகசியமாக வரைந்து, 100-க்கும் மேற்பட்ட படங்களோடு உயிர் பிழைத்து வெளியே வந்தார். அவர் கதை தனியாகவே எழுத வேண்டியது.) 1931-ல் அம்மா ஏற்பாட்டில் இந்தியப் பணக்காரக் குடும்பத்துப் பையன் ஒருவரோடு நிச்சயதார்த்தம் நடந்தது, அது முறிந்தும்போனது.

இத்தனைக்கும் நடுவில் வேலை நடந்துகொண்டே இருந்தது. தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தார். தங்கையையும் தோழி ஒருவரையும் சேர்த்து 1932-ல் வரைந்த 'இளம்பெண்கள்' 1933-ல் பாரிஸின் க்ராந்த் சலூன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கியது. அந்த அமைப்பின் அசோசியேட் உறுப்பினராகவும் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை தேர்வானவர்களிலேயே வயசு குறைந்தவர், ஆசியாவிலிருந்து அவர் ஒருவர்தான். வயசு 20. நமக்கெல்லாம் அந்த வயசில் அரியர் பேப்பர் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தப் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். எல்லாம் திறமையான கை. தோலின் நிறம், துணியின் மடிப்பு, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் அச்சு அசல். ஆனால், பாரிஸில் நன்றாகப் படித்த இன்னொரு மாணவரும் இப்படி வரைந்திருக்க முடியும். அம்ரிதாவுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். அவருடைய நிறங்களின் அடர்த்தியைப் பார்த்த அவரது ஆசிரியரே, இந்த மேற்கத்திய ஸ்டுடியோக்களின் சாம்பல் வெளிச்சம் உனக்கானது இல்லை, உன் இடம் கிழக்கின் வெயில்தான் என்கிற அர்த்தத்தில் சொன்னதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார்.

லூசியன் சிமோனே கோடையில் பாரிஸில் இருக்க மாட்டார். பிரான்ஸின் மேற்குக் கடற்கரையான பிரித்தானிக்குப் போய்விடுவார். மீனவர்கள், கிராமத்துத் திருவிழா, கறுப்பு உடைப் பெண்கள் இவைதான் அவருக்குப் பேர் வாங்கித்தந்த படங்கள். அவர் மட்டுமில்லை, அவருக்கு முந்தைய தலைமுறையிலேயே பாரிஸில் படித்த அமெரிக்க, ஃபின்லாந்து, ஜப்பான் மாணவர்கள்கூட கோடையில் போன்தவென், கான்கார்னோ, க்ரே என்று கிராமங்களுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே சாப்பாடும் ரூமும் சீப். மாடலுக்கு ஆளும் சுலபமாகக் கிடைக்கும். இன்றைய ரெசிடென்ஸி கலாசாரத்துக்குத் தாத்தா இந்தக் கோடைக் கிராமங்கள்தான்.

அம்ரிதா பிரித்தானிக்குப் போகவில்லை. அவருக்கு வேறு ஒரு கிராமம் இருந்தது.

ஸெபெகேன்

புடாபெஸ்டிலிருந்து வடக்கே டான்யூப் நதியோரமாகச் சுமார் 60 கிலோமீட்டர் போனால் நதி ஒரு பெரிய வளைவு எடுக்கும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் தண்ணீர். அந்த இடுக்கில் உட்கார்ந்திருக்கிற சின்ன ஊர் ஸெபெகேன். ரயில் பாதை ஊரை ஒட்டியே போகிறது. நடுவில் ஒரு தேவாலயம். நம்ம ஊர்ப் பழைய சர்ச்சுகள் மாதிரி இருக்காது. 1900-களின் முதல் பத்தாண்டில் கட்ட ஆரம்பித்தது, கதையில் வருகிற வீடு மாதிரி கூரை.

பாரிஸ் மாணவியாக இருந்த வருஷங்களில் கோடை லீவுக்கு அம்ரிதா ஹங்கேரிக்குப் போனார். அம்மா வழிச் சொந்தங்கள் எல்லாம் அங்கேதான். அப்படிப் போன கோடைகளில் ஸெபெகேனில் தங்கி வரைந்தார். அந்த ஊரில் அப்போது இஷ்த்வான் சோன்யி என்ற ஓவியர் குடும்பத்தோடு வசித்துவந்தார். நாஜ்பான்யா மரபில் வந்தவர். தலைநகரில் இருக்க வேண்டிய ஆள், 1920-களில் இந்தக் கிராமத்துக்கே வந்துவிட்டார். வயலில் வேலை செய்கிறவர்கள், வீட்டு முற்றம், மாடு, ஆற்றின் மேல் விழும் வெளிச்சம் இவற்றையே வருஷக்கணக்கில் வரைந்தவர். அவரைச் சுற்றி இன்னும் சில ஓவியர்கள். அங்கே அட்மிஷன் கிடையாது, மார்க் கிடையாது. அது காலேஜே கிடையாது.

அந்தக் கோடைகளில் அம்ரிதா வரைந்தவற்றில் முக்கியமானது 'ஹங்கேரிய ஜிப்ஸிப் பெண்', 1932. பாரிஸில் தங்கப் பதக்கம் வாங்கப்போகிற 'இளம்பெண்கள்' படமும் அதே வருஷம்தான். இரண்டையும் உங்கள் போனில் பக்கத்துப் பக்கத்தில் திறந்து பாருங்கள். ஒன்றில் அவருடைய சொந்த உலகம், ரூமுக்குள் தங்கையும் தோழியும். இன்னொன்றில் அவர் உலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு பெண். ஜிப்ஸி என்று அன்றைக்குச் சொன்னவர்களை இன்று ரோமா என்பதுதான் மரியாதை. ஹங்கேரியில் அன்றும் இன்றும் ஒதுக்கப்பட்ட மக்கள் அவர்கள். ரோமா பெண்ணை வரைவது ஐரோப்பிய ஓவியர்களுக்குப் புதுசு ஒன்றுமில்லை. காதில் வளையம், கையில் டாம்பரின், கண்ணில் மயக்கம் என்று ஒரு ஃபார்முலாவே வைத்திருந்தார்கள். அம்ரிதா அந்த ஃபார்முலாவைத் தொடவில்லை. கிராமத்து வெளிச்சத்தில், ஒரு ஆளாக வரைந்தார்.

ஹங்கேரிய மொழி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா? இதற்காகத்தான். மாடலாக நின்ற பெண்ணிடம் அவரால் பேச முடியும். ஊரைப் பார்க்க வந்த டூரிஸ்ட்டாக அவர் அங்கே இல்லை. ஆனால், ஊர்க்காரரும் இல்லை. பாரிஸில் 'இந்திய இளவரசி', ஹங்கேரியில் பஞ்சாபியின் மகள், இந்தியாவில் வெள்ளைக்காரியின் மகள். எங்கேயும் பாதி. அந்தப் பாதித் தூரம்தான் அவர் கண்ணுக்குக் கூர்மையைக் கொடுத்தது என்று நான் நினைக்கிறேன்.

அதற்காக இதை ஒரு அழகான கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. அம்ரிதாவுக்குக் கோடையில் ரயிலேறிப் போக வசதி இருந்தது. தங்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், வரைந்தது விற்காவிட்டாலும் சாப்பாடு இருந்தது. எதிரே நின்ற பெண்ணுக்கு இதில் எதுவும் கிடையாது. ஓவியம் இருக்கிறது, தேதி இருக்கிறது, வரைந்தவர் பெயர் உலகத்துக்கே தெரியும். நின்றவர் 'ஜிப்ஸிப் பெண்' என்ற இரண்டு சொல்லோடு நின்றுவிட்டார். இன்றும் ரெசிடென்ஸிக்குப் போகிற எத்தனையோ பேர், தங்கிய ஊரின் வயசானவர்களையும் கூலிக்காரர்களையும் வரைந்து போட்டு லைக்ஸ் வாங்குகிறார்கள். அந்தக் கேள்வி அப்போதே இருந்தது. அம்ரிதா அதிலிருந்து முழுசாகத் தப்பினார் என்று சொல்ல முடியாது.

அந்தக் கோடைகளில் கூட இருந்த இன்னொருவர் விக்டர் ஈகான். மெடிக்கல் மாணவர். அம்மாவின் உடன்பிறந்த சகோதரியின் மகன். நம்ம ஊர் முறையில் சொன்னால் சகோதர முறை, கல்யாணப் பேச்சுக்கே இடமில்லை! சின்ன வயசிலிருந்து பழகியவர்கள். வாழ்க்கையில் என்ன சிக்கல் வந்தாலும் அம்ரிதா ஓடிப்போய் நின்றது இவரிடம்தான். 1938-ல் அம்மாவின் எதிர்ப்பை மீறி இவரையே கல்யாணம் செய்துகொண்டார்.

திரும்பி வா என்று யாரும் சொல்லவில்லை

1933-ன் கடைசியிலிருந்தே அம்ரிதாவுக்குள் இந்தியா போக வேண்டும் என்ற தவிப்பு வந்துவிட்டது. தன் விதியே ஓர் ஓவியராக அங்கேதான் இருக்கிறது என்று தோன்றியதாகப் பின்னாளில் எழுதினார். 1934-ல் தன்னையே தாஹிதிப் பெண்ணாக, இடுப்புக்கு மேல் உடையில்லாமல் வரைந்தார். கொகெனின் தாஹிதி ஓவியங்களுக்கு ஒரு பதில் அது. கொகென் ஊர்விட்டு ஊர் போய் அந்த ஊர்ப் பெண்களை வரைந்தவர். இங்கே வரையப்படுகிறவரே பிரஷ்ஷையும் பிடித்திருக்கிறார்.

ஆனால், அப்பாவுக்கு மகள் இந்தியா திரும்புவதில் விருப்பமில்லை. பாரிஸில் அவர் வாழ்ந்த சுதந்திரமான வாழ்க்கை இந்தியாவில் குடும்பப் பேரைக் கெடுத்துவிடும் என்ற பயம். 1934 செப்டம்பரில் ஹங்கேரியிலிருந்து அம்ரிதா எழுதிய கடிதம் இதற்குப் பதில். எங்கள் மேல் இருக்கிற பாசத்தைவிட உங்கள் நல்ல பேர் உங்களுக்குப் பெரிசாகிவிட்டதே என்ற வருத்தம் அதில் இருக்கிறது. அதோடு ஒரு கலை வாதமும் இருக்கிறது. ஐரோப்பாவில் இத்தனை காலம் இருந்ததால்தான் இந்தியக் கலையே தனக்குப் புரிந்தது, வராமல் இருந்திருந்தால் அஜந்தாவின் அருமையே தெரிந்திருக்காது என்கிறார். அஜந்தாவின் ஒரு சுவரோவியத்துக்கும் பாரிஸின் கிமே மியூசியத்தில் இருக்கிற ஒரு சின்னச் சிற்பத்துக்கும் முன்னால் மறுமலர்ச்சிக்கால ஓவியங்கள் எல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது என்றும் சொல்கிறார். இத்தனைக்கும் அஜந்தாவை அவர் அப்போது நேரில் பார்த்திருக்கவில்லை! 21 வயசின் வேகம்.

வெளிநாடு போனவர்கள் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது இன்றைக்கு ரொம்பப் பழகிப்போன கதை. அம்ரிதா விஷயத்தில் அது வெறும் ஏக்கம் இல்லை. பதக்கம், உறுப்பினர் பதவி, ஆசிரியரின் ஆதரவு என்று பாரிஸில் ஒரு கேரியர் ரெடியாகக் காத்திருந்தது. அதை விட்டுவிட்டு, வீட்டுக்காரர்களே வராதே என்கிற ஊருக்குக் கப்பலேறினார். 1934 முடியும்போது இந்தியா வந்துவிட்டார்.

குளிரில் நின்றவர்கள்

வந்ததும் 1935-ல் வரைந்த படங்களைப் பாருங்கள். 'மலைநாட்டு ஆண்கள்', 'மலைநாட்டுப் பெண்கள்', 'அன்னை இந்தியா', 'மூன்று பெண்கள்'. சிம்லா மலைப்பக்கத்து ஏழைகள், மெலிந்த கை, கனத்த மௌனம். அச்சு அசலான தோலும் துணியும் போய்விட்டன. உருவங்கள் எளிமையாகி, நிறம் பேச ஆரம்பித்துவிட்டது. அதே வருஷம் சிம்லா கலைச் சங்கம் பரிசு கொடுத்தது, தான் மதித்த படங்களைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில் திருப்பி அனுப்பிவிட்டார். 'மூன்று பெண்கள்' 1937-ல் பம்பாய் கலைச் சங்கத்தின் தங்கப் பதக்கம் வாங்கியது.

1936 கடைசியில் தொடங்கிய நீண்ட பயணத்தில் அஜந்தா, எல்லோரா, ஹைதராபாத், கொச்சி, திருவனந்தபுரம், கன்னியாகுமரி, மதுரை என்று சுற்றினார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களுக்கு முன்னால் உட்கார்ந்து நகல் எடுத்தார். சிம்லா திரும்பியதும் வரைந்தவைதான் புகழ்பெற்ற மூன்று தென்னிந்திய ஓவியங்கள்: 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மச்சாரிகள்', 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்'. சிவந்த மண், வெள்ளை வேட்டி, கறுத்த உடம்பு. நம்ம பக்கத்து வெயில் அவர் படங்களில் நிரந்தரமாகக் குடியேறியது அப்போதுதான். ஆனால் விற்பனை? ஹைதராபாத்தில் சாலார் ஜங் பிரபு படங்களை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பியனுப்பினார்.

1938-ல் கல்யாணத்துக்காக ஹங்கேரி போன அம்ரிதா ஏறக்குறைய ஒரு வருஷம் அங்கே இருந்தார். ராணுவ டாக்டரான விக்டரோடு சின்ன ஊர்களில் வாசம். 'ஹங்கேரிச் சந்தை', 'உருளைக்கிழங்கு உரிப்பவள்', பனி மூடிய 'குளிர்காலம்' எல்லாம் அந்த வருஷத்துப் படங்கள். 'சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தினர்' வரைந்த அடுத்த வருஷம் ஹங்கேரியச் சந்தை! பெயர்களே எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன பாருங்கள். மாணவியாகக் கோடையில் போய்ப் பார்த்த கிராமத்து மனிதர்களை, தென்னிந்தியாவைப் பார்த்த கண்ணோடு இப்போது மறுபடி பார்க்கிறார். எந்த ஊர்க் கண் எந்த ஊருக்குப் போனது என்று பிரிக்கவே முடியவில்லை.

1939-ல் போர் நெருங்கவும் இருவரும் இந்தியா வந்துவிட்டார்கள். கோரக்பூர் பக்கம் சரயாவில் குடும்பத்தின் பண்ணையில் சில காலம். இடையில் ஓர் அடியும் விழுந்தது. சிம்லா வீட்டில் பத்திரமாக விட்டுவந்த அவர் கடிதங்களைப் பெற்றோர் எரித்துவிட்டார்கள். ஸெபெகேன் கோடைகளில் என்ன பேசினார்கள், யார் நின்றார்கள், யார் சிரித்தார்கள் என்பதற்கெல்லாம் மிஞ்சிய சாட்சியாக இன்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் ஓவியங்களே.

1941-ல் லாகூருக்குக் குடிபெயர்ந்தார். டிசம்பரில் பெரிய கண்காட்சி ஏற்பாடாகியிருந்தது. திடீரென்று உடம்பு முடியாமல்போய், டிசம்பர் 5 அன்று இறந்தார். ஈசலில் முடிக்காத ஓவியம் ஒன்று நின்றது. மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிற லாகூர் வீடுகளும் கறுப்பு எருமைகளும்.

உயிரோடு இருந்தபோது விற்பனைக்குத் திண்டாடியவரின் 'கதைசொல்லி' என்ற 1937 ஓவியம் 2023 செப்டம்பரில் 61.8 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. அதுவரை எந்த இந்திய ஓவியமும் அந்த விலையைத் தொட்டதில்லை. அவருடைய படங்களை 1976-ல் அரசு தேசியக் கலைச் செல்வமாக அறிவித்துவிட்டதால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. பெரும்பகுதி டெல்லியில் இந்தியா கேட் பக்கத்திலிருக்கும் தேசிய நவீன ஓவியக் கூடத்தில் இருக்கிறது.

ஸெபெகேனில் சோன்யி வாழ்ந்த வீடு இப்போது மியூசியம். அந்த வீட்டைச் சுற்றிக் கோடைக்கால ஓவியப் பள்ளியும் நடந்துவந்திருக்கிறது. புடாபெஸ்டில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். ஆற்றுப் பக்கத்து ஜன்னல் சீட்டாகப் பார்த்துப் பிடியுங்கள்.